மீன் மசாலாவும் ரிக்ரெஷனும்: டர்பனில் மார்க்கெட்டிங் புள்ளியியல் படித்த அனுபவம்

மார்க்கெட்டிங் படிக்க வருகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கணக்கிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். விளம்பரம், பிராண்டு, பாக்கெட்டின் நிறம், வாடிக்கையாளரிடம் பேசும் விதம் என்று பி.காம் மூன்று வருஷம் ஓடிவிடுகிறது. பி.காமுக்குப் பிறகு வரும் ஹானர்ஸ் ஆண்டுக்குள் காலெடுத்து வைத்ததும் ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளப்பது), ஃபாக்டர் அனாலிசிஸ் (பல கேள்விகளைச் சில அளவுகளாகச் சுருக்குவது), கிளஸ்டர் (ஒத்தவர்களைக் குழுக்களாகப் பிரிப்பது) என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்போது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் திருநெல்வேலியில் பி.காம் படித்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் ஹானர்ஸ் முடித்தவள். புள்ளியியல் எனக்குப் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் வீட்டுக்காரரின் பெரியம்மா நடத்தும் மசாலாக் கடை.

வகுப்பில் பயிற்சிக்குக் கொடுக்கும் தரவு ஏற்கெனவே துடைத்துச் சுத்தம் செய்து வைத்தது. ஒரு கட்டம் கூடக் காலியாக இருக்காது. யார் யாரிடம் எப்போது கேட்டு வாங்கிய எண் என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும். அதில் ஒரு டெக்னிக்கின் பெயரையும் படிகளையும் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. ஆய்வறிக்கைக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா கடையின் பில் மெஷினிலிருந்து பல வருஷத்து விற்பனையை எக்ஸெலில் இறக்க முடியும் என்று தெரிந்தது. அவரிடம் கேட்டேன். "எடுத்துக்கோ கண்ணு, ஆனா கரண்டு இல்லாத நாளுக்கெல்லாம் அதுல இருக்காது, நோட்டுல தான் இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்குப் பாதிப் பாடம் இருந்தது.

2022, 2023-இல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்த மின்வெட்டு, எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டேஜ் 6 என்றால் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. அந்த நேரத்து விற்பனை எல்லாம் பெரியம்மாவின் நீல அட்டை நோட்டில் பென்சிலில் இருந்தது: "க.ம 2, மீ.ம 1, மஞ்ச 1/2" (கறி மசாலா, மீன் மசாலா, மஞ்சள்தூள்), பக்கத்தில் தொகை. மெஷின் தரவை மட்டும் எடுத்து ஓட்டியிருந்தால், மின்வெட்டு நேரத்தில் சாட்ஸ்வொர்த் மக்கள் மசாலாவே வாங்குவதில்லை என்று மாடல் (தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சமன்பாடு) சத்தியம் செய்திருக்கும். நோட்டைப் பார்த்துத் தட்டெழுதுவது அலுப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்கிறபோதுதான் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள் கவுண்டருக்கு முன்னால் நிற்பது தெரிகிறது. ஆகவே என் முதல் யோசனை இது: எந்தத் தரவை எடுத்தாலும், இந்த எண் எப்படி இங்கே வந்தது, எது இங்கே வராமல் போயிருக்கும் என்று அதைச் சேர்த்தவரிடம் போய்க் கேளுங்கள். காலியான கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. கடை மூடியிருந்த நாளும் யாரும் வராத நாளும் ஒன்றல்ல. சரக்கு தீர்ந்துபோய் விற்காததும் யாரும் கேட்காமல் விற்காததும் ஒன்றல்ல.

அடுத்தது, எந்தச் சோதனையையும் தொடுவதற்கு முன் படம் வரைந்து பாருங்கள். 1973-இல் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு சின்னத் தரவுத் தொகுப்புகளைக் காட்டினார். நான்குக்கும் சராசரி, பரவல், ஒட்டுறவு, ரிக்ரெஷன் கோடு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வரைந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. நான் தினசரி விற்பனையை ஒரு நீளக் கோடாக வரைந்தபோது, ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி இரண்டு மேடுகள் தெரிந்தன. ஒன்று 25-ஆம் தேதிக்கு மேல், சம்பளம் வரும் சமயம். இன்னொன்று மாதத்தின் முதல் சில நாட்கள், அரசு உதவித்தொகை வரும் சமயம்: முதலில் முதியவர்களுக்கு, அடுத்த நாள் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதற்கும் அடுத்து குழந்தைகளுக்கு. நடுவில் பள்ளம். இதைப் பார்க்காமல் 'இரண்டாவது வாரத்தில் விளம்பரம் போட்டோம், நான்காவது வாரத்தில் விற்பனை ஏறியது' என்று எழுதினால் அது விளம்பரத்தின் கணக்கு ஆகாது, சம்பளத்தின் கணக்கு. தென்னாப்பிரிக்காவில் சில்லறை வியாபாரத் தரவை எடுக்கிற எவரும் மாதத்தின் எந்தப் பகுதி என்று ஒரு பத்தியை, அதாவது எக்ஸெலில் ஒரு நெடுவரிசையை, தரவில் சேர்த்தே ஆக வேண்டும்.

இப்போது மீன் மசாலாவுக்கு வருகிறேன். எனக்கு ரிக்ரெஷன் உண்மையிலேயே புரிந்தது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விலைக்கும் விற்பனைக்கும் உள்ள உறவை அளக்க மார்க்கெட்டிங்கில் பொதுவாக இரண்டுக்கும் மடக்கை எடுத்து, அதாவது லாக் எடுத்து, ரிக்ரெஷன் போடுவார்கள். அப்படிப் போட்டால் வரும் கெழுவை, அதாவது விலைக்கு எதிரே வரும் எண்ணை, நேராகவே விலை நெகிழ்ச்சி என்று படிக்கலாம். உதாரணமாக கெழு -1.5 என்று வந்தால், விலையை 10 சதவீதம் ஏற்றினால் விற்பனை சுமார் 13 சதவீதம் விழும் என்று பொருள். விலை ஏறினால் விற்பனை இறங்க வேண்டும், ஆகவே கெழு எதிர்மறையாக வர வேண்டும், இதுதான் எதிர்பார்ப்பு. கறி மசாலாவுக்கு அப்படியே வந்தது. மீன் மசாலாவுக்கு நேர்மறையாக வந்தது. அதாவது விலையைக் குறைத்த வாரங்களில் விற்பனையும் குறைந்திருக்கிறது. பி-வேல்யூ (உறவே இல்லாவிட்டாலும் இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்) நன்றாகவே இருந்தது, மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. பொருளாதாரப் பாடத்தில் வரும் விதிவிலக்குச் சரக்குகளின் பெயரை எல்லாம் வைத்து இதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதிவிடலாம், எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விலை குறைந்த வாரங்களை மஞ்சள் பேனாவால் கோடிட்டு வைத்திருந்தேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளை மட்டும் பார்த்தார். "புரட்டாசியில யாரு கண்ணு மீன் வாங்குவா? சரக்கு தேங்கி வாசம் போயிடுமேன்னு நாந்தான் விலையைக் குறைச்சுப் போடுறேன்."

அவ்வளவுதான் விஷயம். டர்பன் தமிழர்கள் புரட்டாசி விரதத்தை எவ்வளவு கண்டிப்பாகப் பிடிப்பார்கள் என்பது இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும். தமிழ் பேச வராத வீடுகளில்கூட செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மீன், இறைச்சி உள்ளே வராது. சிலர் அதைத் தீபாவளி தாண்டி கந்த சஷ்டி வரை நீட்டிப்பார்கள். புரட்டாசி விற்பனையையும் இறக்குகிறது, அதே காரணத்தால் விலையையும் இறக்குகிறது. மாடலுக்குப் புரட்டாசி தெரியாது, அது விலையை மட்டும் பார்த்துப் பழியை அதன்மேல் போட்டுவிட்டது. பாடத்தில் இதைத்தான் விடுபட்ட மாறியால் வரும் சாய்வு என்கிறார்கள். சூத்திரமாகப் படித்தபோது எனக்கு அது தேர்வுக்கான இரண்டு வரி. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டபோது மறக்கவே முடியாத விஷயமாகிவிட்டது.

புரட்டாசி வாரமா இல்லையா என்று 1, 0 போட்டு ஒரு பத்தி சேர்த்தேன். இதை டம்மி மாறி என்பார்கள். விலையின் கெழு எதிர்மறைக்குத் திரும்பிவிட்டது, புரட்டாசியின் கெழு பெரிய எதிர்மறை எண்ணாக வந்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். பெரியம்மா புரட்டாசியில் மட்டுமே விலையைக் குறைக்கிறவராக இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அப்போது விலையும் புரட்டாசியும் ஒட்டிப் பிறந்தவை போல ஒன்றாகவே ஏறி இறங்கும், எது எதனால் என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. நல்லவேளையாக, புதுச் சரக்கு வரும்போது பழையதைக் காலி செய்ய வருஷத்தின் மற்ற நாட்களிலும் அவர் விலையைக் குறைத்திருந்தார். அந்த வாரங்கள் இருந்ததால்தான் இரண்டையும் பிரித்தெடுக்க முடிந்தது. அப்புறம் ஒரு சரிபார்ப்பு: விரதத்தால் பாதிக்கப்படாத ஒரு பொருளுக்கு அதே மாடலை ஓட்டிப் பாருங்கள். நான் மஞ்சள்தூளுக்கு ஓட்டினேன். அதில் விலையின் கெழு புரட்டாசிப் பத்தியைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பெரிதாக அசையவில்லை. அசைந்திருந்தால் வேறு எதையோ விட்டிருக்கிறேன் என்று தேடியிருப்பேன்.

இங்கிருந்து எனக்கு ஒரு பெரிய கதவு திறந்தது. பாடப்புத்தகம் பருவகாலத் தாக்கத்துக்கு ஜனவரி, பிப்ரவரி என்று மாத டம்மி போடச் சொல்கிறது. நம் வியாபாரத்துக்கு அது ஒத்துவராது. 2021-இல் தீபாவளி நவம்பர் 4, 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12. அக்டோபர் டம்மி ஒரு வருஷம் தீபாவளியைப் பிடிக்கும், அடுத்த வருஷம் கோட்டைவிடும், சராசரியில் இரண்டு மாதத்திலும் பாதிப் பாதித் தீபாவளி வந்து நிற்கும். புரட்டாசியும் ஆங்கில மாதம் இரண்டின் நடுவில் படுத்திருக்கிறது. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் பூசை, தைப்பூசக் காவடி, ஈஸ்டர் சமயத்தில் சில கோயில்களில் எடுக்கும் காவடி, ஒவ்வொன்றுக்கும் கடையில் சூடம், மஞ்சள், பருப்பு, புளி என்று வேறு வேறு சரக்கு நகரும். ஆக நான் மாத டம்மிகளைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு வாரத்துக்கும் தமிழ் மாதம் எது, தீபாவளிக்கு இன்னும் எத்தனை வாரம், விரதமா இல்லையா என்று ஒரு சின்ன அட்டவணை தயாரித்து அதைத் தரவோடு இணைத்தேன். நாட்காட்டியைப் பார்த்து இதை எழுத எந்தப் புள்ளியியல் ஞானமும் தேவையில்லை. நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் மாடலின் முன்கணிப்பு வேறு எதற்கும் முன்னேறாத அளவு இதற்கு முன்னேறியது. உங்களுக்குத் தெரிந்த வாழ்க்கை ஒரு மாறி. அதைத் தரவில் ஒரு பத்தியாக எழுதிவைக்கக் கூச்சப்படாதீர்கள்.

டர்பன் தரவில் இன்னொரு சிக்கல், நடுவில் உள்ள முறிவுகள். 2020 மார்ச் 27-இல் ஊரடங்கு. 2021 ஜூலையில் கலவரம், கடைகள் எரிந்ததும் ரொட்டிக்கும் பாலுக்கும் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதும் இந்த ஊர் மறக்காது. 2022 ஏப்ரலில் வெள்ளம், வீடுகள் இடிந்தன, நிறையப் பகுதிகளில் குழாயில் தண்ணீர் இல்லை. இந்த வாரங்களை விசித்திரமான எண்கள் என்று அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். நான் அழிக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் தனி டம்மி போட்டு, ஏன் போட்டேன் என்று அறிக்கையில் எழுதினேன். அழித்தால் காலவரிசையில் ஓட்டை விழும், அப்படியே விட்டால் பக்கத்து வாரங்களின் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

சோதனைகள் பற்றி. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் பிறந்த இடம் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலை. அங்கே வேலை பார்த்த கோசெட், சின்னச் சின்ன சாம்பிளை வைத்து முடிவெடுக்க வழி தேடி, 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். தொழிற்சாலைக்காரர் தன் வேலைக்காகக் கண்டுபிடித்தது என்று தெரிந்ததும் எனக்கு அதன்மேல் இருந்த பயம் போய்விட்டது. மார்க்கெட்டிங்கில் இதற்கு அடிக்கடி வரும் உபயோகம் இரண்டு செய்திகளில் எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வாட்ஸ்அப்பில் 1,000 பேருக்கு ஒரு செய்தி, இன்னொரு 1,000 பேருக்கு வேறு செய்தி. முதலாவதில் 5 சதவீதம் பேர் வந்து வாங்கினார்கள், இரண்டாவதில் 6 சதவீதம். இரண்டாவது ஜெயித்துவிட்டது என்று கொடி பிடிக்கத் தோன்றும். இங்கே ஒப்பிடுவது சதவீதம் என்பதால் டி-க்குப் பதில் இசட் மதிப்பு, அதாவது வித்தியாசம் தற்செயல் ஏற்ற இறக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண். கணக்குப் போட்டால் அது 0.98 மட்டுமே, வழக்கமாகக் கேட்கும் 1.96-க்குப் பாதி. அதாவது இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே சாதாரணமாக வரும். 5-க்கும் 6-க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 8,150 பேர் தேவை. ஒரு மசாலாக் கடைக்கு அத்தனை எண்கள் ஏது? ஆகவே சின்னக் கடைக்குச் செய்தியின் ஒரு வார்த்தையை மாற்றிச் சோதிப்பது வீண். பெரிய வித்தியாசம் வரக்கூடிய விஷயத்தை, அதாவது சலுகை உண்டா இல்லையா, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதா இல்லையா என்பதை, சோதியுங்கள். சாம்பிள் அளவைத் தரவு சேர்ப்பதற்கு முன்பே கணக்கிடுங்கள். சேர்த்த பிறகு கணக்கிட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

கருத்துக்கணிப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 1932-இல் லிக்கர்ட் கொண்டுவந்த, 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை போகும் அளவுகோலை எல்லா ஆய்வறிக்கையிலும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு பெண் பிள்ளை காகிதத்தோடு போய் நின்றால், அவள் படிப்புக்கு நல்லது நடக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் 5 போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "கடை சுத்தமா இருக்கா தாத்தா?" "ரொம்ப சுத்தம்மா." "விலை நியாயமா?" "நியாயம்மா, நீ சாப்பிட்டியா?" இப்படி வந்த தரவில் க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளப்பது) 0.9-க்கு மேலே போகும். 0.7 தாண்டினால் போதும் என்று பாடத்தில் படித்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அங்கே ஆல்ஃபா அளந்தது மரியாதையைத்தான். இரண்டு மூன்று கேள்விகளைத் தலைகீழாக, எதிர்மறையாகக் கேட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டவர்களை அது காட்டிக்கொடுக்கும். அதைவிட நல்ல வழி, அபிப்பிராயம் கேட்காமல் நடந்ததைக் கேட்பது: போன தடவை மசாலா எங்கே வாங்கினீர்கள், எத்தனை கிலோ, யார் போய் வாங்கினார்கள்? இந்தப் பதில்களை பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஃபாக்டர் அனாலிசிஸும் அதன் அண்டை வீடான பிரின்சிபல் காம்பொனன்ட் முறையும் தென்னாப்பிரிக்காவில் இருந்து படிப்பவர்களுக்கு ரொம்ப எளிதாகப் புரிய வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டு மார்க்கெட்டிங்கே அதன்மேல் பல வருஷம் நின்றிருக்கிறது. எல்.எஸ்.எம் என்கிற வாழ்க்கைத்தர அளவுகோலை 1980-களின் கடைசியில் இங்குள்ள விளம்பர ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாக்கியது. நிறத்தை வைத்து மக்களைப் பிரித்த நாட்டில், நிறத்தையும் வருமானத்தையும் கேட்காமல், வீட்டில் வெந்நீர்க் குழாய் இருக்கிறதா, ஃபிரிட்ஜ் இருக்கிறதா, வாஷிங் மெஷின் இருக்கிறதா என்று கேட்டு ஆட்களைப் பிரித்தார்கள். பின்னாளில் 29 கேள்விகளும் 10 குழுக்களுமாக அது நிலைத்தது. இத்தனை கேள்விகளையும் ஒரே அளவாகச் சுருக்கியது புள்ளியியல். மின்சாரமும் செல்போனும் பரவப் பரவ, பழைய கேள்விகள் ஆட்களைப் பிரித்துக் காட்டும் சக்தியை இழந்தன. கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருக்கும் ஒரு பொருளைக் கேட்டு என்ன தெரியும்? அதனால் 2017 வாக்கில் எஸ்.இ.எம் என்ற புது அளவுகோல் வந்தது. சுருக்கும் முறைகள் எதை அடிப்படையாகக் கொண்டவை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை: அவை மாறுபாட்டைத் தின்று வாழ்கின்றன. எல்லாரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியிலிருந்து ஒரு ஃபாக்டரும் வராது.

கிளஸ்டர் அனாலிசிஸ் பார்க்கக் கவர்ச்சியானது, ஏமாற்றவும் செய்யும். கே-மீன்ஸ் முறைக்கு எத்தனை குழு வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும், எத்தனை கேட்டாலும் அத்தனை கொடுக்கும், குழுவே இல்லாத தரவிலும் கொடுக்கும். கடைத் தரவில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசியாக எப்போது வந்தார், எத்தனை தடவை வந்தார், மொத்தம் எவ்வளவு ராண்டுக்கு வாங்கினார் என்று மூன்று எண்கள். தொகை ஆயிரக்கணக்கில், வருகை ஒன்று இரண்டில். தரப்படுத்தாமல், அதாவது மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல், ஓட்டினால் தொகைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். தரப்படுத்திய பிறகும் ஒரு குழுவில் ஓரிரண்டு பேர் மட்டும் தனியாக வந்து உட்கார்ந்தார்கள். யார் என்று பார்த்தால் கல்யாணச் சமையல்காரர்கள், ஒரே தடவையில் மூட்டை மூட்டையாக பிரியாணி மசாலா வாங்கிப் போகிறவர்கள். அவர்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, தொகைக்கு லாக் எடுத்து மறுபடி ஓட்டியபோதுதான் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் அர்த்தமாகப் பிரிந்தார்கள்: மாதக்கடைசியில் ஒரே தடவை பெரிதாக வாங்குகிறவர்கள், அடிக்கடி வந்து கொஞ்சமாக வாங்குகிறவர்கள், பண்டிகைக்கு மட்டும் வருகிறவர்கள். குழுக்களின் எண்ணிக்கையை எல்போ படம் (குழுக்களைக் கூட்டக் கூட்ட எங்கே பலன் குறைகிறது என்று காட்டுவது), சில்லூவெட் மதிப்பு (ஒவ்வொருவரும் தன் குழுவில் எவ்வளவு பொருந்துகிறார் என்பது) இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அதன்பின் கடைக்காரரிடம் காட்டி, இந்த ஆட்களை உங்களுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். பெரியம்மா கடைசிக் குழுவைப் பார்த்து, "இவங்க எல்லாம் ஜோபர்க்ல இருக்கிற பிள்ளைங்க, தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது டிக்கி நெறைய அள்ளிக்கிட்டுப் போவாங்க" என்றார். டர்பன் மசாலா ஜோகன்னஸ்பர்க்கில் கிடைத்தாலும் ஊர்க் கடையில் அரைத்ததுதான் வேண்டும் அவர்களுக்கு. தொலைபேசி எண்ணை வைத்துக் கணினி அதைக் கண்டுபிடித்திருக்காது.

வாங்குவாரா மாட்டாரா என்பது போன்ற ஆம், இல்லை விடைக்குப் போடும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆட்ஸ் என்பது நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்தது. ஆட்ஸ் விகிதம் 2 என்றால் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று எழுதாதீர்கள். முதலில் வாய்ப்பு 20 சதவீதம் என்றால் ஆட்ஸ் 0.25, அது இரட்டித்தால் 0.5, வாய்ப்பு சுமார் 33 சதவீதம். 40 இல்லை. தேர்வாளர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

மென்பொருள் விஷயத்தில் சண்டை போடத் தேவையில்லை. கல்லூரி லேபில் எஸ்.பி.எஸ்.எஸ் இருக்கும், தேர்வுக்கு அதில் பழகிக்கொள்ளுங்கள், வெளியீட்டு அட்டவணைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆனால் வீட்டில் ஆர் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990-களில் இஹாகா, ஜென்டில்மன் என்ற இருவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகவே தொடங்கியது அது. எனக்கு அதன் பெரிய லாபம், செய்த வேலை முழுவதும் ஒரு கோப்பில் வரிகளாக இருக்கும் என்பது. பட்டனை அழுத்தி அழுத்திச் செய்த வேலையை வழிகாட்டி "அந்த வெள்ளத்து வாரத்தை எடுத்துவிட்டுக் காட்டு" என்று சொன்னால் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆரில் ஒரு வரியை மாற்றி ஓட்டினால் போதும். மின்வெட்டு அடிக்கடி வந்த அந்த வருஷங்களில் இது சின்ன விஷயமாக இருக்கவில்லை.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறவினர் கடை என்றதும் நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்று இங்கே சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கட்டாயம். பில் போடும்போது வாங்கிய தொலைபேசி எண்ணை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள, சொந்தக்காரர் கடை என்பது ஒரு அனுமதி ஆகாது. நான் செய்தது: பெயரையும் எண்ணையும் கடைக் கணினியிலேயே அழித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கோப்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குறியீட்டை ஆளோடு இணைக்கும் பட்டியல் பெரியம்மாவிடமே இருந்தது. பல்கலைக்கழகத்தின் எதிக்ஸ் கிளியரன்ஸ் வரும்வரை ஒருவரிடமும் கேள்வித்தாள் கொடுக்கக் கூடாது, கடை உரிமையாளரின் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். புரட்டாசியையோ தீபாவளியையோ பிடிக்க நினைத்தால் விண்ணப்பத்தை மிகவும் முன்னாலேயே போட்டுவிடுங்கள், பண்டிகை யாருக்காகவும் காத்திருக்காது.

எந்த வரிசையில் படிப்பது என்று கேட்கிறவர்களுக்கு என் வரிசை இது. முதலில் படம் வரைவதும் தரவு சுத்தம் செய்வதும். அடுத்து சாம்பிள், நம்பக இடைவெளி, இரண்டு குழு ஒப்பீடு. பிறகு ரிக்ரெஷன், இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் லாஜிஸ்டிக்கும் அனோவாவும் (பல குழுக்களின் சராசரி ஒப்பீடு) இதன் பிள்ளைகளே. கடைசியாக ஃபாக்டரும் கிளஸ்டரும். பல பாடத்திட்டங்களில் கிளஸ்டரை முன்னால் கொண்டுவந்து விடுகிறார்கள், வண்ணப் படம் வருவதால் மாணவர்களுக்குப் பிடிக்கும் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு டெக்னிக்கையும் முடித்ததும் புள்ளியியல் தெரியாத ஒருவரிடம் முடிவைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பெரியம்மாவிடம் கெழு, பி-வேல்யூ என்று பேச முடியாது. "மீன் மசாலாவுக்கு விலையை ஏத்தினா இவ்வளவு போகும், ஆனா புரட்டாசியில நீங்க விலையைக் குறைக்கிறதால பெரிசா ஒண்ணும் கூடுதலாப் போகல பெரியம்மா, அதுக்குப் பதிலா முன்னாடியே சரக்கைக் குறைச்சு அரைங்க" என்றுதான் சொல்ல முடியும். இப்படிச் சொல்ல வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் ஒரு திருத்தம் சொன்னார். விரதம் தொடங்குகிற வாரத்தில்தான் விற்பனை மாறுகிறது என்று நான் கணக்கில் எடுத்திருப்பது சரியில்லையாம். முந்தின சனி, ஞாயிறில் கடைசியாக மீனும் இறைச்சியும் சமைத்துச் சாப்பிடுவதால் அந்த வாரம் விற்பனை ஏறும், விரதம் முடிந்த முதல் ஞாயிறில் மறுபடி ஏறும். ஆக ஒரு டம்மி போதாது, முன்வாரம், விரத வாரங்கள், முடிந்த வாரம் என்று மூன்று வேண்டும். வார மொத்தத்தை எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் நாள் கணக்குக்கு மாறியிருக்கிறேன். நோட்டில் இருக்கும் பென்சில் வரிகளில் தேதி உண்டு, நேரம் இல்லை, ஆனால் நாள் கணக்குக்கு அது போதும்.